சாயம் போகும் இடம்

எங்கள் திம்புள்ளப் பகுதியில் 'சாயம்' என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது துணியன்று, தேநீர். பாலின்றி, சில வீடுகளில் சீனியும் இன்றி, விடியற்காலையில் லயத்து வாசலில் நின்றபடியே அருந்தப்படும் வெறுந்தேநீருக்குச் 'சாயத்தண்ணி' என்றே பெயர். கொழும்பில் தேயிலையைச் சுவைத்து விலை மதிப்போர் கிண்ணத்தை உற்று நோக்கி மெச்சுவதும் இந்தச் சாயத்தின் நிறத்தையேயாம். ஆகையால், சென்ற தீபாவளி கழிந்த வாரத்தில் ஒரு தாய் என் வீட்டு வாயிலில் வந்து நின்று, "சாயமெல்லாம் போயிருச்சுங்க சேர்" என்று முறையிட்டபோது, ஏதோ தேயிலைத்தூளைப் பற்றிய குறையாக்கும் என்றே முதலில் எண்ணினேன்.

விஷயம் அதுவன்று. பண்டிகைக்கென ஹற்றன் கடைத்தெருவில் சிவப்புப் பருத்திச் சேலை ஒன்று வாங்கியிருக்கிறார். முதற் சலவையில் அதனை மகளின் வெள்ளைச் சீருடையோடு ஒரே வாளியில் ஊற வைத்துவிட்டார். சேலை வெளிறியது, சீருடை ரோஜா நிறமாயிற்று. இருப்பது அந்த ஒரு சீருடைதான். சிறுமி இரண்டு நாட்களாகப் பாடசாலைக்குச் செல்லவில்லை. "கடைக்காரரு ஏமாத்திட்டாரா? நீங்க இரசாயனம் படிச்சவர்தானே, சொல்லுங்க சேர்" என்று கேட்டார்.

அந்த அம்மையாருக்கு அன்று நான் அளித்த விடை மிகச் சுருக்கமானது. இந்த வாரப் பத்தியில் அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். ஏனெனில், அந்த வாளியிலே கலங்கிய சிவப்பு நீருக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. நம் முன்னோர் நடந்துவந்த பாதையும் அதிலே ஓரிடத்தில் குறுக்கிடுகின்றது.

தென்னிந்தியக் கரையிலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் கதையை வாசகர்கள் அறிவார்கள். அவர்கள் மிதித்து வந்த அம்மணற்பாங்கான பூமியில், அவர்களுக்கும் முந்திய ஒரு தொழில் இருந்தது. அதுதான் சாயவேர் தோண்டுதல். சாயவேர் என்பது நிலத்தோடு ஒட்டி வளரும் சிறு பூண்டு. மேலே பார்த்தால் புல்லினும் மேலாக மதிக்கத் தோன்றாது. ஆனால் நூல்போல நீண்டு மணலுக்குள் இறங்கும் அதன் வேரின் தோலில், பருத்தித் துணியைச் செக்கச் சிவக்க வைக்கும் பொருள் உறைகின்றது. தானாக வளர்ந்த செடியின் வேரே பயிரிட்டதைக் காட்டிலும் சிறந்தது என்பர். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் இவ்வேரைத் தோண்டும் உரிமை கொம்பனியின் தனியுரிமையாக இருந்தது. தோண்டியவர்கள் சாதியால் கட்டுண்டவர்கள். குறித்த அளவு வேரைக் கொணர்ந்து ஒப்புவிப்பது அவர்கள் மீது சுமத்தப்பட்ட கடமை. அந்த வேர் சோழமண்டலக் கரைக்கும் போயிற்று. கடுக்காயில் தோய்த்து, படிகாரம் ஊட்டி, வேரோடு கொதிக்க வைத்த சிவப்புத் துணி அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போயிற்று. அத்துணியின் மீது அந்நாட்டுப் பெண்களுக்கு இருந்த மோகம் எத்தகையது எனில், தங்கள் நெசவாளர் பிழைக்க வேண்டும் என்பதற்காகப் பிரான்ஸ் 1686ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் அதற்குத் தடைச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று!

நிற்க. 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், இலண்டனில், வில்லியம் ஹென்றி பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவன் தன் வீட்டிலேயே அமைத்திருந்த சிறு ஆய்வுகூடத்தில் கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றுகொண்டிருந்தான். மலேரியாவுக்கு அன்று அதனை விட்டால் வேறு மருந்தில்லை. அதுவோ தென்னமெரிக்க மரம் ஒன்றின் பட்டையிலிருந்தே கிடைத்தது. பேர்க்கின் எடுத்துக்கொண்டது நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் அனிலின் என்ற பொருள். கொயினா வரவில்லை. கறுத்த கசடு ஒன்றே மிஞ்சிற்று. வேறொருவராயின் அதனைக் கழுவிக் கொட்டியிருப்பர். பேர்க்கின் அதனை மதுசாரத்தில் கரைத்துப் பார்த்தான். அழகிய ஊதா நிறம் தோன்றிற்று. பட்டில் தோய்த்தான், பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அதற்கு உரிமைப்பத்திரம் பெற்று, மறு ஆண்டு தொழிற்சாலையும் தொடங்கிவிட்டான். உலகத்தின் செயற்கைச் சாய வணிகம் அந்தக் கசடிலிருந்து பிறந்தது.

மருந்தைத் தேடிப் போனவனுக்குச் சாயம் கிடைத்த இக்கதையை வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம், மாணவர்களை ஜன்னல் வழியே எதிர்மலையைப் பார்க்கச் சொல்வேன். பேர்க்கினால் ஆக்க முடியாத அதே கொயினாவின் மரத்தை வளர்ப்பதற்காகவே 1861ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கு அண்மையில் ஹக்கலைத் தோட்டம் உண்டாக்கப்பட்டது. 1869இல் காப்பி இலையில் நோய் கண்டு, காப்பி அழியத் தொடங்கியபின், திம்புள்ளத் துரைமார் பலர் சிங்கோனா மரத்தை நட்டே பிழைக்கப் பார்த்தனர். சில ஆண்டுகள் அது கை கொடுத்தது. பின்னர் பட்டை சந்தையில் மலிந்தது, ஜாவாவிலிருந்து அதனினும் வீரியம் மிக்க பட்டை வந்தது, விலை சரிந்தது, மரங்கள் வெட்டப்பட்டுத் தேயிலை வந்தது. எங்கோ ஒரு துறைமுகத்து விலை நம் மலைச்சரிவின் பயிரையே மாற்றிவிடும் என்பதை நம் பாட்டன்மார் சாயத்திலன்றி இதிலேயே கற்றுக்கொண்டனர்.

பேர்க்கினின் ஊதா வெறும் தொடக்கமே. 1868ஆம் ஆண்டில் பெர்லினில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கினர். அலிசரின் என்பது வேறொன்றும் அன்று, ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் நமது சாயவேரிலும் இயற்கையாக உறையும் அதே பொருள். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்கான உரிமைப்பத்திரத்துக்கு அவர்கள் இலண்டனில் விண்ணப்பித்த மறுநாளே பேர்க்கினும் தம் விண்ணப்பத்தோடு போய் நின்றார். ஒரு நாள் தாமதம்! ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்திலேயே நம் தீவில் தேய்ந்துகொண்டிருந்த வேர் வணிகம், பின்னர் எதிர்க்கரையிலும் நிலைக்க வழியில்லாது போயிற்று. மதுரையின் சிவப்புச் சாயத்துக்குப் பேர்பெற்ற சௌராஷ்டிரச் சாயக்காரரும் வேரைக் கைவிட்டு ஜெர்மானியத் தகரப்பெட்டியைத் திறக்கலாயினர். இதிலே ஒரு வினோதம்: 1893ஆம் ஆண்டில் நமது சாயவேரை இரசாயன முறையில் பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்டவர்களுள் ஒருவர், அந்த முதற் பேர்க்கினின் மகனே. வேருக்கு முறையான சாதகம் எழுதப்பட்டபோது அதன் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது.

சிவப்புக்கு நேர்ந்தது நீலத்துக்கும் நேர்ந்தது. அவுரிச் செடியின் நீலத்தை ஆய்வுகூடத்தில் ஆக்கி அதன் அமைப்பைக் கண்டறிந்தவர் அடொல்ஃப் பேயர் என்னும் ஜெர்மானியர். பல ஆண்டு உழைப்பும் பெருஞ்செலவும் செய்து, பீ.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் கொம்பனி 1897இல் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டில் உலகில் தாவரத்திலிருந்து பெறப்பட்ட நீலம் சுமார் 19,000 தொன். 1914இல் அது சுமார் 1,000 தொன். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் பீகாரிலும் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் எத்தனை வயல்கள் கைமாறியிருக்கும், எத்தனை தொட்டிகள் வற்றியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பீகாரின் சம்பாரண் ஜில்லாவில் குடியானவன் தன் நிலத்தின் இருபதில் மூன்று பங்கில் துரைக்காக அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்பது முறை. நீலத்தின் விலை விழுந்ததும் துரைமார் அக்கட்டாயத்தை நீக்கத் தயாராயினர். அதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தினர். இலாபம் வந்தபோது துரைக்கு, நட்டம் வந்தபோது குடியானவனுக்கு! 1917இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றதன் பின்னணியில் இதுவும் உண்டு. பாடநூல்களில் காந்தியடிகள் இருக்கிறார். அந்த ஜெர்மன் ஆய்வுகூடம் இல்லை. இருந்தால் பிள்ளைகளுக்கு இரசாயனத்திலும் சரித்திரத்திலும் ஒரே வேளையில் அக்கறை பிறக்கும் என்பது என் எண்ணம்.

முதல் உலகப் போர் மூண்டபோது உலகச் சாயத்தின் பெரும்பகுதியை ஜெர்மனியே ஆக்கிவந்தது. கடற்பாதை அடைபட்டதும் எதிரி நாடுகளில் சீருடைக்குக்கூடச் சாயம் இல்லாத நிலை ஏற்பட்டது. 1916 ஜூலையில் 'டொய்ச்லாண்ட்' என்ற ஜெர்மன் வணிக நீர்மூழ்கி, முற்றுகையின் அடியில் நீந்தி, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் தலை தூக்கிற்று. அது சுமந்துவந்த சரக்கு வெடிமருந்தன்று, சாயம்! அதன் பின்னர் ஒவ்வொரு பெரிய நாடும் தனக்கெனச் சாயத் தொழிற்சாலை வேண்டும் என்று முடிவு செய்தது. சுதந்திரம் பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே இந்தியா குஜராத்தில் 'அதுல்' தொழிற்சாலைக்கு அடிகோலியது. இன்று இவ்வணிகத்தில் முதலிடம் சீனாவுக்கு. அடுத்து நிற்பது இந்தியா. பேர்க்கினின் நாட்டில் அத்தொழில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

இனி, அந்தச் சிவப்புச் சேலைக்கு வருவோம்.

1956ஆம் ஆண்டில், பேர்க்கினின் ஊதா பிறந்து சரியாக நூறாண்டு கழித்து, ஐ.சீ.ஐ. என்ற பிரித்தானியக் கொம்பனி புதுவகைச் சாயம் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு முன்னைய சாயங்களுட் பல, பருத்தி இழையின் உள்ளே புகுந்து தங்கியிருந்தன, அவ்வளவே. புதிய சாயமோ இழையோடு இரசாயனப் பிணைப்பே கொண்டது. விருந்தாளிக்கும் மருமகளுக்கும் உள்ள வேற்றுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறம், பிணைந்தது பிரியாது. இன்று நாம் உடுக்கும் நிறப் பருத்தியில் பெரும்பங்கு இவ்வகைச் சாயத்தாலேயே தோய்க்கப்படுகின்றது.

ஆனால் இதிலே இரண்டு சங்கடங்கள். தண்ணீரிலே பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் இயல்புள்ளவை. அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தை இழையருகே தள்ளுவதற்கு உப்பு வேண்டும்; ஒரு லீற்றர் சாயநீருக்கு ஐம்பது கிராம், கடும் நிறமாயின் அதற்கும் மேல். சேர்த்த உப்பு துணியில் ஏறுவதில்லை, முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். இது ஒன்று. மற்றையது, போட்ட சாயம் அனைத்தும் இழையோடு பிணைவதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடேயே வினைபுரிந்து, பின் எதனோடும் பிணைய இயலாததாகித் துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதனை வெந்நீரில் மறுபடி மறுபடி அலசி நீக்க வேண்டும். தண்ணீர், எரிபொருள், நேரம் மூன்றும் செலவு. மலிவு விலைச் சேலை எங்கே மலிகின்றது என்றால், பெரும்பாலும் இந்த அலசலிலேதான்.

ஆகவே அம்மையாரே, கடைக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று என்னால் சொல்ல முடியாது. அவரும் அறியாமலே விற்றிருக்கலாம். சாயப்பட்டறையில் நடந்திருக்க வேண்டிய கடைசி இரண்டு மூன்று அலசல்கள் உங்கள் வாளியில் நடந்தன. சாயம் போகாத நல்ல சேலை என்று நாம் மெச்சுகிறோமே, அதன் மிகைச்சாயமும் போகாமலில்லை. நாம் காணாத ஊரில், நாம் காணாத ஓர் ஆற்றில் முன்கூட்டியே போய்விட்டது.

(சாயம் போவதையே பெருமையாக்கி விற்றவர்களும் உண்டு. 1958இல் அமெரிக்காவுக்குச் சென்ற சென்னைக் கட்டம்போட்ட துணி, சலவையில் நிறம் கலங்கி வழக்காடும் நிலை வந்தபோது, 'நிறம் கலங்குமென உத்தரவாதம்' என்றே விளம்பரம் செய்து விற்றுவிட்டனர் என்று சொல்லப்படுகின்றது. ஹற்றன் கடைக்காரருக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை.)

நாம் காணாத ஆறு என்றேன். நான் அதனை ஒருமுறை கண்டிருக்கிறேன். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் இந்தியா அனுப்பப்பட்டவர்களுள் என் சிற்றன்னையின் குடும்பமும் ஒன்று. நீலகிரியில் சிலகாலம் கொழுந்து பறித்துப் பின்னர் திருப்பூரில் குடியேறினர். அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, அங்கே ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தார். 2008இல் நான் போயிருந்தபோது அவருடைய நகக்கண்களில் கருநீலம் ஏறியிருந்தது. "தேயிலைக் கறைக்குப் பதிலா இது" என்று சிரித்தார். ஒரு ஞாயிறன்று நொய்யலைக் காட்ட அழைத்துச் சென்றார். மேற்கு மலையில் வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியோடு கலக்கும் ஆறு அது. சங்கிலித்தொடராய் ஏரிகளை நிரப்பிய ஆறு. அங்கே நான் கண்டது நுரையும் மணமும் கொண்ட ஒரு கரிய ஓட்டம். கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்கென்று ஓர் அணை கட்டி முடித்தார்கள். அதிலே தேங்கியது சாயக்கழிவு. தண்ணீருக்காக அணை கேட்பது விவசாயியின் வழக்கம். இந்த அணையின் நீரால் எங்கள் நிலம் பாழாகின்றது என்று விவசாயிகளே நீதிமன்றம் சென்ற விந்தை அங்கே நிகழ்ந்தது. நிறத்தைக்கூட வடிகட்டிவிடலாம், முன்னர் சொன்ன அந்த உப்பை எளிதில் பிரிக்க முடியாது. கரையோரத் தோப்பில் ஒரு பெரியவர் எங்களுக்குக் கிணற்று நீரை அள்ளிக் கொடுத்து, "குடிக்க வேண்டாம், நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்றார். கடல்தான்.

2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை ஒழிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. ஒரு துளிக் கழிவும் வெளிவிடாத சுத்திகரிப்பு முறை வந்தபின் படிப்படியாகத் திறந்தன. வசதியற்ற சிறு பட்டறைகள் திறக்கவில்லை. அண்ணன் வேலை செய்தது அத்தகைய ஒன்று. ஏழு மாதம் வேலையின்றி இருந்தார். தொலைபேசியில் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "தீர்ப்பு நியாயந்தான் தம்பி. அந்தக் கிணத்துத் தண்ணிய நீயும் குடிச்சுப் பாத்தாய்தானே. ஆனா எம்புள்ளைக்கி ஃபீஸ் கட்டணுமே, அதுவும் நியாயந்தானே." ஒரு டீசட்டையின் விலையில் இந்த இரண்டு நியாயங்களில் ஒன்றுகூட எழுதப்படுவதில்லை.

சீனாவிலும் இதே கதைதான், இன்னும் பெரிய எழுத்தில். 2019 மார்ச் 21ஆம் நாள், சாயத்துக்கான மூலப்பொருள் ஆக்கும் தொழிற்சாலை ஒன்று ஜியாங்சு மாகாணத்தில் வெடித்து 78 பேர் மாண்டனர். அதற்குப்பின் பல தொழிற்சாலைகள் மூடப்பட, சாய விலை உலகெங்கும் ஏறிற்று. நம் தீவிலும் எண்பதுகளின் பிற்பகுதியில் ஏற்றுமதி வருவாயில் தேயிலையை ஆடை முந்திவிட்டது. திம்புள்ளயில் கொழுந்து பறித்த தாயின் மகள் இன்று கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கிறாள். என் பழைய மாணவியர் பலர் அங்குண்டு.

"இந்தச் சாயம் உடம்புக்குக் கெடுதியா?" என்று மற்றொரு கேள்வியும் அந்த அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. 1895ஆம் ஆண்டிலேயே லூட்விக் ரேன் என்ற ஜெர்மன் வைத்தியர், சாயத் தொழிலாளரிடையே மூத்திரப்பைப் புற்றுநோய் காணப்படுவதை எடுத்துக்காட்டினார். அதற்குப்பின் ஏறக்குறைய நூறாண்டு கழிந்து, 1994இல், புற்றுநோய்க்கு ஏதுவான பொருளாகச் சிதையக்கூடிய 'அசோ' வகைச் சாயங்கள் சிலவற்றை ஜெர்மனி தடை செய்தது. அத்தடையால் ஏற்றுமதி நின்றுவிடும் என்ற நிலையில் இந்தியாவும் 1997இல் அத்தகைய சாயங்கள் பலவற்றை விலக்கியது. உடுப்பவரைவிடத் தோய்ப்பவருக்கே ஆபத்து அதிகம். ஒருமுறை நிறம் விட்ட சேலையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் கைக்குழந்தைக்குப் புதுத்துணியை அலசாமல் உடுத்த வேண்டாம்.

எல்லாம் சரி, சீருடைக்கு என்ன வழி? உப்பு நீரில் ஊற வைத்தால் சாயம் நிலைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பட்டறையில் உப்பு உதவுவது சாயம் ஏறும் வேளையில். வீட்டு வாளியில் அது பிணைப்பை உண்டாக்காது. புதுச்சேலையைத் தனியே, முதலில் குளிர்ந்த நீரிலும் பின் வெந்நீரிலும், நீர் தெளியும்வரை நாலைந்து முறை அலசுவதே செய்யத்தக்கது. சாயம் பட்ட வெள்ளைத் துணியை உலர விடாமலும் அழுத்தித் தேய்க்காமலும் உடனே சவுக்காரமிட்ட வெந்நீரில் ஊற வைக்க வேண்டும். அதிலும் மசியாவிடின், வெள்ளைப் பருத்திக்குக் குளோரின் கலந்த வெளிற்றும் நீரைச் சிறிதளவு பயன்படுத்தலாம்.

அவ்வாறே செய்தார். கழுத்துப்பட்டியில் மட்டும் இலேசான ரோஜாச் சாயல் நின்றுவிட்டது. வகுப்பாசிரியை அதனைக் காணாததுபோல் இருந்துவிட்டாராம். சிறுமி பாடசாலைக்குப் போகிறாள். சேலையை இனித்தான் அலச வேண்டும் என்று சொல்லிப் புறப்பட்ட தாய், படியிறங்கியவர் திரும்பி நின்று கேட்டார்: "அந்தச் செவப்புத் தண்ணிய எங்க ஊத்துறது சேர்?"

லயத்துக் கான் சரிவில் இறங்கி ஓடையில் விழுகிறது. ஓடை கொத்மலை ஓயாவுக்குப் போகிறது. நடுவழியில் இரண்டு இடங்களில் குளிக்கிறார்கள். கீரைப்பாத்திக்கு ஊற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.